கிழக்குப் பக்கமாகப் போங்கள், ரீச்சர்

கேள்வி:

நான் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. வயது 61. முப்பத்துமூன்று வருடமாகக் கரும்பலகையில் உலகப் படம் கீறிக் காட்டினேன். நான் போய்ப் பார்த்த ஒரே வெளிநாடு இந்தியாதான். அடுத்த வருடம் கணவரோடு உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்று ஆசை. மகன் லண்டனில், தம்பி ரொறன்ரோவில். பென்சனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக எடுத்த கொமியூட் காசும் கொஞ்சச் சேமிப்பும் இருக்கிறது. உலகம் சுற்றுவதற்கென்றே ஒரு ரிக்கற் உண்டு, அதை வாங்குங்கள் என்கிறான் மகன். கணவருக்குப் பிளேன் என்றால் பயம், கப்பலில் போவோம் என்கிறார். “இந்த வயசில என்ன சுத்துற, நேர இங்க வந்து நில்லுங்க அக்கா” என்கிறான் தம்பி. கணவருக்குச் சீனி வருத்தம், இரண்டு நேரம் இன்சுலின் போடுகிறார். வைகாசியில் எங்கள் ஊர்க் கண்ணகை அம்மன் குளுத்திச் சடங்கு முடியாமல் நான் புறப்பட மாட்டேன். அவருக்குப் படுவான்கரையில் மழையை நம்பிய வயல் இருக்கிறது, ஒக்டோபரில் விதைப்புக்கு நிற்க வேண்டும். யப்பான் பார்க்க வேண்டும், சர்வதேச திகதிக் கோட்டைக் கடக்க வேண்டும். எதில் போவது, எப்படிப் போவது?

பதில்:

ரீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். மட்டக்களப்பு ரவுனில் இருபது வருடத்துக்கு மேலாக ரிக்கற் போட்டுக் கொடுக்கிறேன். மகள் பிள்ளைப்பேற்றுக்கு, மகன் கலியாணத்துக்கு, மத்திய கிழக்கு வேலைக்கு, கதிர்காமம் முடித்துக் காசிக்கு என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். திகதிக் கோட்டைக் கடக்க வேண்டும் என்று கேட்டு வந்தவர் நீங்கள் ஒருவர்தான். அதனால் வழக்கத்தைவிட நீளமாக எழுதுகிறேன்.

எதில் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் எந்தப் பக்கமாகப் போவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு ரிக்கற்றிலும் இல்லை, கப்பலிலும் இல்லை. உங்கள் இருவரின் பாஸ்போட்டில் இருக்கிறது.

ஐரோப்பியப் பாஸ்போட் வைத்திருக்கும் ஒருவர் உலகப் படத்தை விரித்து விரும்பிய இடத்தில் புள்ளி வைக்கலாம். இலங்கைப் பாஸ்போட்டுக்கு நீங்கள் சொன்ன நாடுகளில் யப்பான், கனடா, பிரித்தானியா மூன்றுக்கும் முன்கூட்டியே விசா வேண்டும். பாரிசையும் பார்ப்பதென்றால், பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா நான்காவது. வழியில் சிங்கப்பூருக்கு மட்டும் விசா தேவையில்லை, 30 நாள் நிற்கலாம். வருகை அட்டையை இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும். மற்ற நான்கு விசாவுக்கும் நான்கு விதமான ஆயுள். இந்த ஆயுள்தான் உங்கள் பாதையைக் கீறப் போகிறது.

யப்பானின் ஒற்றை நுழைவு விசா, கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதற்குள் யப்பானில் இறங்கிவிட வேண்டும், நீட்டித்துத் தரமாட்டார்கள். லண்டன், ரொறன்ரோ என்று மேற்குப் பக்கமாகப் போனால் யப்பானுக்கு வந்துசேர செப்டெம்பர் நடுப்பகுதி ஆகும். பிந்தி, ஜூன் தொடக்கத்தில் கொழும்பில் எடுத்த விசாகூட அதற்குள் செத்துவிடும். வழியில் கனடாவில் எடுக்கலாமே என்று மகன் சொல்லக்கூடும். ஓர் ஊருக்குச் சுற்றுலா விசாவில் போய் நின்றுகொண்டு இன்னொரு நாட்டு விசாவுக்கு விண்ணப்பிப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். நீங்கள் குடியிருக்கும் நாட்டில் விண்ணப்பியுங்கள் என்று திருப்பிவிடுவார்கள்.

ஆகவே கிழக்குப் பக்கமாகப் போங்கள், ரீச்சர். கட்டுநாயக்கா, சிங்கப்பூர், ரோக்கியோ, வன்கூவர், ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், கட்டுநாயக்கா. ஆயுள் குறைந்த விசாவை முதலில் செலவழித்துவிட்டு, ஆயுள் கூடியதைப் பிறகு பாவிக்கலாம்.

இந்த இடத்தில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒல்லாந்துக் கப்பல் தலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602இல் நம்முடைய மட்டக்களப்புக் கரையில் வந்து இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தான் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பீர்கள். அதே ஆள் பிறகு 1614இலிருந்து 1617 வரை உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றினான். மகலன் நீரிணைக்குள்ளால் பசுபிக்கில் புகுந்து, மேற்குப் பக்கமாகவே போய் ஊர் சேர்ந்தான். நம்முடைய ஊர் மண்ணை மிதித்த ஒருவன் உலகம் சுற்றியவன் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம். பாய்க்கப்பலில் போனவன் காற்று தள்ளிய பக்கம் போனான். நீங்கள் விசா விடும் பக்கம் போக வேண்டும்.

கிழக்கே போவதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். சூரியனுக்கு எதிராகப் போவதால் ஒவ்வொரு பறப்பிலும் உங்கள் நாள் சுருங்கும். மேற்கே போகும்போது நாள் நீளும், நித்திரையைக் கொஞ்சம் பிந்திப் போட்டால் உடம்பு பழகிவிடும். கிழக்கே போகும்போது நித்திரை வராத நேரத்தில் படுக்கச் சொல்லும். பெரும்பாலானோருக்கு இதுதான் கடினம். அதற்கு நான் சொல்லும் மருந்து, வன்கூவரில் இறங்கிய உடனே ரொறன்ரோவுக்கு ரயில் ஏறாமல் ஐந்தாறு நாள் சும்மா இருப்பது.

அந்தப் பறப்பில்தான் உங்கள் ஆசையும் நிறைவேறும். ரோக்கியோவிலிருந்து வன்கூவருக்கு ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். பின்னேரம் ஏறினால் அதே நாள் காலையில் போய் இறங்குவீர்கள். திகதிக் கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடப்பதால் ஒரே திகதியை இரண்டு தடவை வாழ்கிறீர்கள். மேற்கே போயிருந்தால் ஒரு நாள் காணாமல் போயிருக்கும். உலகத்தை முதன்முதல் சுற்றி வந்த மகலனின் ஆட்களில் மிஞ்சியவர்கள் 1522இல் திரும்பி வரும் வழியில் கேப் வேர்டில் கரை இறங்கியபோது, தங்கள் கணக்கில் புதன், ஊரார் கணக்கில் வியாழன் என்று திகைத்து நின்ற கதை உங்களுக்குத் தெரியும். நடைமுறையில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வன்கூவர் ஹோட்டலை இறங்கும் திகதிக்குப் பதியும்போது, ஏறும் திகதியும் அதுவே என்பதை இரண்டு முறை பாருங்கள். அடுத்த நாளுக்குப் பதிந்துவிட்டுப் பெட்டியோடு வெளியே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது மகன் சொன்ன ரிக்கற்றுக்கு வருகிறேன். அப்படியொன்று உண்மையில் இருக்கிறது. விமானக் கம்பனிக் கூட்டணிகள் விற்கின்றன. ஸ்ரார் அலையன்ஸ் போகும் மைல் கணக்கைப் பார்த்து விலை வைக்கும். ஒன்வேர்ல்ட் எத்தனை கண்டத்தைத் தொடுகிறீர்கள் என்று பார்த்து விலை வைக்கும், 16 பறப்பு வரை தரும். நம்முடைய ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்திலிருந்து ஒன்வேர்ல்டில் இருக்கிறது. ஒரே திசையில் போக வேண்டும், பசுபிக்கையும் அத்திலாந்திக்கையும் ஒவ்வொரு தடவை கடக்க வேண்டும், புறப்பட்ட நாட்டிலேயே முடிக்க வேண்டும், ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாடு இறங்கி ஏறுகிற இளம் பிள்ளைகளுக்கு அது அருமையான சாமான்.

உங்களுக்கு வேண்டாம். உங்கள் பாதையில் பெரிய பறப்புகள் நான்கு, ஐந்துதான். பதினாறுக்குக் காசு கட்டி ஐந்தைப் பாவிப்பது வீண். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று: அந்த ரிக்கற்றில் பறப்புகளை வரிசை தவறாமல் பாவிக்க வேண்டும், இடையில் ஒன்றில் ஏறாமல் விட்டால் மிச்சமெல்லாம் இரத்தாகிவிடும். ரொறன்ரோவில் உங்கள் கணவருக்கு ஏலாமல் வந்து, லண்டன் வேண்டாம், நேரே வீட்டுக்குப் போவோம் என்றால் வழி இருக்க வேண்டும். ஆகவே மூன்று துண்டாக வாங்குங்கள். கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாக ரோக்கியோ ஒன்று. ரோக்கியோவிலிருந்து வன்கூவர் ஒன்று. மூன்றாவது ரொறன்ரோவில் தொடங்கி, லண்டனில் இறங்கி நின்று, பாரிசிலிருந்து கட்டுநாயக்காவில் முடிய வேண்டும். இந்த மூன்றாவது ரிக்கற் திகதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடக் கேட்பார்கள், கொடுங்கள். மற்ற எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். விசா நான்கும் கையில் வரும்வரை எந்த விமான ரிக்கற்றுக்கும் காசு கட்டவும் வேண்டாம். விண்ணப்பத்துக்குப் பயணத் திட்டமும் பதிவு விபரமும் வைத்தால் போதும்.

பாதையில் அமெரிக்காவை நான் போடவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அமெரிக்க விமான நிலையங்களில் வெறுமனே விமானம் மாறுகிறவரும் குடிவரவுக் கவுண்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். அதற்கும் விசா வேண்டும். இதை நான் ஒரு தாயின் கண்ணீரில் படித்தேன். தொழிலுக்கு வந்த புதிதில், ரொறன்ரோவிலிருக்கும் மகளிடம் போக ஒரு அம்மா வந்தார். கனடா விசா கையில் இருந்தது. விலை குறைவாக ஒரு ரிக்கற் கிடைத்தது, அமெரிக்க நகரமொன்றில் மாறுகிற ரிக்கற். நான் போட்டுக் கொடுத்தேன். கட்டுநாயக்காவில் அவரை ஏற்றவில்லை. பொங்கல் பலகாரப் பெட்டியோடு விடிய விடிய இருந்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தார். ரிக்கற் காசை நான் கட்டினேன், ஆனால் அந்த அம்மா பட்டதை நான் எதைக் கட்டித் தீர்ப்பது? அன்றிலிருந்து எந்த ரிக்கற்றையும் விலையைப் பார்க்க முன் மாறும் இடத்தைப் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். ஷெங்கன் நாடுகளின் விமான நிலையத்தில் மாறுவதற்கே விசா கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. பிரித்தானியாவின் பட்டியலிலும் இருக்கிறது. இன்ன விசா வைத்திருப்பவருக்கு விலக்கு என்று சில விதிகள் உண்டு, அவை அடிக்கடி மாறும். உங்கள் பாதையில் எல்லா விசாவும் இருக்கப்போவதால் பயமில்லை, ஆனால் மலிவு என்று யாராவது புதிய பாதை காட்டினால் இதை நினையுங்கள்.

விசா எடுக்கும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். ஜனவரியில் கனடா. அதை இணையத்தில் விண்ணப்பித்து, கொழும்பில் கைரேகை கொடுக்க வேண்டும், அந்தக் கைரேகை பத்து வருடம் செல்லும். முன்பு பெரும்பாலும் பாஸ்போட் முடியும் காலம் வரை பல தடவை போய்வரக்கூடிய விசாவாகத் தந்தார்கள். 2024 நவம்பரிலிருந்து எவ்வளவு காலம், எத்தனை தடவை என்பதை அதிகாரியே தீர்மானிக்கிறார். ஆகவே ஜூலை, ஓகஸ்டில் அங்கே நிற்பதை விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். நீங்கள் செப்டெம்பர் கடைசியில் பாரிஸ் போவதென்றால் ஏப்ரலில், சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு கொடுங்கள். ஆளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி அதற்குக் கட்டாயம். யப்பானுக்கு மே மாதத் தொடக்கம்.

கடைசி பிரித்தானியா. இதில்தான் சிக்கல். அந்த விசாவுக்குப் பயண நாளுக்கு மூன்று மாதத்துக்கு முந்தி விண்ணப்பிக்க முடியாது. ஓகஸ்ட் கடைசியில் லண்டன் போவதாக எழுதினால் மே கடைசியில்தான் கொடுக்கலாம், வழமையாக மூன்று கிழமை எடுக்கும், நீங்களோ ஜூன் நடுப்பகுதியில் புறப்பட நிற்பீர்கள். அதனால் ரொறன்ரோவில் நிற்கும் நாட்களைக் குறைத்து, ஓகஸ்ட் 10 போல லண்டனில் இறங்குவதாக வையுங்கள். மே 10 தாண்டியதும், யப்பான் விசாவோடு பாஸ்போட் திரும்பிய அன்றே, விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம். சாதாரணமாகத் தரும் விசா ஆறு மாதம் செல்லும், ஆகையால் செப்டெம்பர் வரை மகனோடு இருப்பதில் தடையில்லை.

தம்பியோடு ஒரு மாதமும் நிற்காமல் புறப்படுவதா என்று கேட்பீர்கள். ஜூலை 10 தொடக்கம் ஓகஸ்ட் 9 வரை என்றாலே ஒரு மாதம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். உடன்பிறப்புக்கு அது பொருந்தாது, ஆனாலும் அங்கே எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். கோடைகாலத்தில் ஒரு மாதம் நிறைவாகக் காணும், நயாகராவையும் பார்த்துவிடலாம்.

விசா அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: இவர்கள் திரும்பி வருவார்களா? மட்டக்களப்பில் ஒரு விசேஷம், வீடு பெரும்பாலும் மகள் பெயரில் சீதனமாகப் போயிருக்கும். உங்கள் வீட்டு உறுதியும் அப்படி இருந்தால் கவலைப்பட வேண்டாம். கணவரின் வயல் உறுதி, உங்கள் ஓய்வூதியக் கடிதம், இருவரின் வங்கிக் கூற்று, மகனும் தம்பியும் எழுதும் அழைப்புக் கடிதம் போதும். கொமியூட் காசு ஒரே தொகையாக வங்கியில் விழுந்திருக்கும். திடீரென்று பெரிய தொகை வந்ததே, எங்கிருந்து என்ற கேள்வி வரும். ஓய்வூதியத் திணைக்களக் கடிதத்தைக் கூடவே வைத்தால் கேள்விக்கு முந்திப் பதில் போய்விடும். ஒக்டோபர் விதைப்புக்கு வரவேண்டும் என்று எனக்கு எழுதியதை விண்ணப்பத்திலும் எழுதுங்கள். அது உண்மை, அதைவிட நல்ல காரணம் கிடையாது. விசா நிச்சயம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால், அவருடைய கதிரையிலிருந்து எழும்பி வந்துவிடுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் தூதரகம் மட்டும்தான்.

பாஸ்போட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பயணம் முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் ஆயுள் இருக்க வேண்டும், வெற்றுப் பக்கங்கள் வேண்டும். உங்கள் பெயரில் அப்பாவின் எழுத்தா, கணவரின் பெயரா இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆசிரியைகளுக்கு நியமனக் கடிதத்தில் ஒரு பெயர், கலியாணப் பதிவில் ஒரு பெயர், பாஸ்போட்டில் ஒரு பெயர் என்று இருப்பது நம் பகுதியில் சாதாரணம். ரிக்கற்றும் விசாவும் பாஸ்போட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, நீங்கள் கேட்ட கப்பலை நான் தட்டிக் கழிக்கவில்லை. உலகம் சுற்றும் உல்லாசக் கப்பல்கள் நான்கு மாதம், ஐந்து மாதம் ஓடுகின்றன. ஜன்னல் இல்லாத மலிவான அறைக்கே ஒருவருக்குப் பத்தாயிரம் டொலரைத் தாண்டும். காசை விடுவோம். அந்தக் கப்பல் தொடுகிற நாடுகளில் விசா கேட்கும் ஒவ்வொன்றுக்கும் புறப்பட முன்னரே உங்கள் கையில் விசா இருக்க வேண்டும், இருபது துறை என்றால் எத்தனையோ விண்ணப்பம். அத்தனைக்கும் பிறகு ஒரு துறையில் பெரும்பாலும் ஒரு பகல்தான் நிற்கும். சரக்குக் கப்பலில் போன கதைகளும் கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் ஏற்றினால் அது சட்டப்படி பயணிகள் கப்பலாகிவிடும் என்பதால் சில சரக்குக் கப்பல்கள் பன்னிரண்டு பேர்வரை ஏற்றின. கொரோனாவுக்குப் பிறகு பெரும்பாலான கம்பனிகள் அதை நிறுத்திவிட்டன. சவுத்ஹம்ரனுக்கும் நியூயோர்க்குக்கும் இடையில் குயின் மேரி 2 ஏழு இரவில் அத்திலாந்திக்கைக் கடக்கிறது. அது அழகான பயணம், ஆனால் அமெரிக்க விசா வேண்டும்.

ஆனால் கடலை முழுக்க விட வேண்டாம். வன்கூவரில் ஓய்வெடுக்கும் நாட்களில் வன்கூவர் தீவிலுள்ள விக்ரோறியா நகர்ப் பக்கம் போகும் பெரிய பயணிகள் கப்பலில் ஏறுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட, சின்னச் சின்னத் தீவுகளுக்கு நடுவால் போகும். லண்டனிலிருந்து பாரிசுக்கு யூரோஸ்ரார் ரயில் கடலுக்கு அடியால் இரண்டேகால் மணித்தியாலத்தில் கொண்டுபோய் விடும், ஆனால் நீங்கள் டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் போங்கள். ஒன்றரை மணித்தியாலம்தான். டோவரின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் பின்னால் தேய்ந்து மறைவதைக் கப்பல் தட்டில் நின்று ரீச்சர் பார்க்க வேண்டும். இந்த வருடமே ஒரு ஒத்திகை பார்க்க விருப்பமென்றால் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் ஓடுகிறது, நான்கு மணித்தியாலம் போல. தலைச்சுற்று உங்களுக்கு வருமா வராதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பிளேன் பயத்துக்கு என்னிடம் இருப்பது ஒரு அனுபவம்தான்: இறக்கைக்கு நேரான வரிசையில் ஆட்டம் குறைவு, நடுவழிப் பக்கத்து இருக்கை கேளுங்கள், ஜன்னலை ரீச்சருக்குக் கொடுங்கள்.

தரையில் போக ஆசை என்றால் கனடாவில்தான் அது நிறைவேறும். வன்கூவரிலிருந்து ரொறன்ரோவுக்கு ‘த கனேடியன்’ என்ற ரயில் ஓடுகிறது. 4,466 கிலோமீற்றர், நான்கு இரவு. நம்முடைய மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டை வரையான ரயில் பாதையைப் பத்துத் தடவைக்கு மேல் ஒட்டிப் போட்ட நீளம். ரொக்கி மலைகளைத் தாண்டி, பிரெய்ரிப் புல்வெளிகளில் ஒரு முழு நாள் ஓடி, பிறகு ஒன்ராறியோவின் ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவால் போகும். பிரெய்ரிக் கோதுமை என்று எத்தனை வினாத்தாள் திருத்தியிருப்பீர்கள்! அதை ஜன்னலால் பாருங்கள். இருக்கை மலிவுதான், ஆனால் நான்கு இரவு இருந்துகொண்டே போவது இந்த வயதில் கூடாது. படுக்கையோடு எடுத்தால் சாப்பாடும் அதற்குள் அடங்கும். சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு நிற்பதால் பல மணித்தியாலம் பிந்துவது சாதாரணம், ஆகவே ரொறன்ரோவில் இறங்கும் நாளன்று தம்பி வேறு எதையும் ஒழுங்கு செய்ய வேண்டாம். கோடையில் படுக்கைகள் மாதக்கணக்கில் முந்தியே முடிந்துவிடும். கனடா விசா வந்த பிறகு முதல் வேலை இதுதான்.

யப்பானில் ரயில் பாஸ் வாங்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஏழு நாள் பாஸ் 2023 ஒக்டோபரில் 50,000 யென்னாக ஏறியது. ரோக்கியோவிலிருந்து கியோற்றோ போய்த் திரும்புவது மட்டும் என்றால் தனி ரிக்கற் மலிவு. நீங்கள் போகும் ஜூன் நடுப்பகுதி அங்கே மழைக்காலம். நம்முடைய கார்த்திகை மழைபோலக் கொட்டாது, ஆனால் நாட்கணக்கில் மூடியிருக்கும். பூஜி மலை முகம் காட்டாமலே நீங்கள் திரும்ப வேண்டி வரலாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். குளுத்தியை விட்டுவிட்டு மே நடுப்பகுதியில் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஹொக்கைடோத் தீவுக்கு அந்த மழை பெரும்பாலும் போவதில்லை. முழுக்க நனைந்துபோனால் நான்கு நாள் வடக்கே போய் இருங்கள்.

மருந்து விசயத்தை மிகக் கவனமாக வாசியுங்கள். யப்பானுக்குள் வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை, சுயமாகப் போடும் ஊசி உட்பட, ஒரு மாதத்துக்கான அளவுதான் கேள்வியில்லாமல் கொண்டுபோகலாம். நீங்கள் நான்கு மாதத்துக்குப் புறப்படுகிறீர்கள். முழுவதையும் இங்கிருந்தே கொண்டுபோவதென்றால், ‘யுன்யு ககுனின்ஷோ’ என்னும் இறக்குமதி உறுதிப் பத்திரத்தை யப்பான் சுகாதார அமைச்சிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து எடுக்க வேண்டும். இணையத்தில் செய்யலாம். அல்லது ஒரு மாதத்துக்கு மட்டும் கொண்டுபோய், மிச்சத்துக்குக் கனடாவில் என்ன வழி, என்ன விலை என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்கள். எனக்குப் பத்திரம் எடுப்பதே நிம்மதி.

இன்சுலினை ஒருபோதும் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டாம். கீழே அது உறைந்து கெட்டுப்போகலாம், பெட்டி தொலைந்தால் மருந்தும் தொலையும். உங்கள் கைப்பையில் பாதி, அவருடைய கைப்பையில் பாதி. வைத்தியரின் ஆங்கிலக் கடிதமும் இரண்டு பிரதி. நாள் சுருங்கும் திசையில் போவதால் ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி குறையும். எந்தப் பறப்பில் எத்தனை அலகு, எத்தனை மணிக்கு என்று கிளினிக் டொக்டரிடம் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். ரோக்கியோவிலிருந்து வன்கூவர், ரொறன்ரோவிலிருந்து லண்டன் இரண்டும்தான் முக்கியம். இதை என்னைப்போன்ற ரிக்கற் போடுகிறவனிடமோ, முகநூலிலோ கேட்கக்கூடாது. காப்புறுதிப் படிவத்தில் சீனி வருத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள், கட்டணம் கூடினாலும் எழுதுங்கள். மறைத்துவிட்டு ரொறன்ரோ ஆஸ்பத்திரியில் ஒரு இரவு படுத்தால், காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார்கள், தம்பியின் தலையில் விழும்.

கிழக்கே போகச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தெரியாத ஊர், தெரியாத பாசை, ஹோட்டல் எல்லாம் முதல் நான்கு கிழமைக்குள் முடிந்துவிடும். உடம்பு களைத்து வரும்போது நீங்கள் இருப்பது தம்பி வீட்டில், பிறகு மகன் வீட்டில். மேற்கே போயிருந்தால் சொந்தத்தை விட்டுப் பிரிந்த மனத்தோடும் களைத்த உடம்போடும் ரோக்கியோவில் பெட்டி இழுத்திருப்பீர்கள்.

லண்டனில் மகனிடம் ஒரு நாளை எனக்காகக் கேட்டு வாங்குங்கள், கிறீனிச் வான் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். 1884இல் வாஷிங்ரன் மாநாடு பூச்சிய நெடுங்கோடு என்று ஏற்ற கோடு அங்கே தரையில் பதித்திருக்கிறது. திகதிக் கோட்டை இருட்டில், பசுபிக்குக்கு மேலால், ஒன்றும் தெரியாமல்தான் கடந்திருப்பீர்கள். இந்தக் கோட்டில் ஒரு கால் கிழக்கிலும் ஒரு கால் மேற்கிலும் வைத்து நிற்கலாம்.

பாஸ்போட் இரண்டையும், ஐயாவின் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு தைப்பொங்கலுக்கு முந்தி ஒரு நாள் ரவுனுக்கு வாருங்கள். கனடா விண்ணப்பத்திலிருந்து தொடங்குவோம்.